சீமான் பெயர் முன்னே, பட்டறைக்காரன் பெயர் பின்னே!

ஐதராபாத் நகரத்திலே, சௌமஹல்லா அரண்மனையிலே, மஞ்சள் வண்ண மோட்டார் வண்டி ஒன்று நிற்கிறது. 1912ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்ஸ். உள்ளே இருப்பது இருக்கையா? இல்லை, சிம்மாசனம்! 6ஆம் நிஜாம் மஹபூப் அலிகான் சொல்லிச் செய்த வண்டி. வண்டி வருமுன்பே, 1911இல், நிஜாம் மறைந்தார். மகன் உஸ்மான் அலிகானிடம் அது வந்து சேர்ந்தது. ஓடியதோ சில நூறு மைல்கள்தாம். பல்லாண்டு முடங்கிக் கிடந்த அதைக் கைதேர்ந்த தொழிலாளர்கள் பழுது நீக்கி, மெருகேற்றி, பழைய பொலிவோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

யார் ஏறிய வண்டி என்று கேட்போர் பலர். யார் செய்த வண்டி என்று கேட்போர் எத்தனை பேர்? தோழர்களே, நாம் கேட்போம் அந்தக் கேள்வியை!

செய்தவர் ஹென்றி ராய்ஸ். 1863ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், இங்கிலாந்திலே ஆல்வால்ட்டன் எனும் சிற்றூரிலே பிறந்தவர். தந்தை மாவு ஆலை நடத்தி நொடித்துப்போனவர். பிழைப்புத் தேடி லண்டன் சென்ற தந்தை, 1872இல் கண்மூடினார். பையனுக்கு வயது ஒன்பது! தெருவிலே பத்திரிகை விற்றான். வீடுவீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்கூடத்திலே அவன் படித்தது மொத்தம் ஓராண்டு.

உறவுக்கார அம்மையார் ஒருவர் ஆண்டுக்கு 20 பவுன் கட்ட முன்வந்தார். அதனாலே பீட்டர்பரோ ரயில்வே பட்டறையிலே தொழில் பழகும் வாய்ப்புக் கிட்டியது. மூன்றாண்டு சென்றது, அம்மையாரிடம் பணம் தீர்ந்தது, பயிற்சி பாதியிலே நின்றது. வேலை தேடி அலைந்த அந்த இளைஞன், லீட்ஸ் நகரிலே வாரம் 11 ஷில்லிங் கூலிக்குக் கருவி செய்யும் பட்டறையிலே நுழைந்தான். பிறகு லண்டனிலே மின்சாரக் கம்பெனி வேலை. வேலை முடிந்ததும் மாலை வகுப்பு. கையிலே தொழிலும் கருத்திலே விஞ்ஞானமும் சேர்ந்தே வளர்ந்தன.

1884இல் மான்செஸ்டர் நகரிலே சொந்தப் பட்டறை. தன் சேமிப்பு 20 பவுன், நண்பர் கிளேர்மான்ட் போட்டது 50 பவுன். இதுதான் மூலதனம்! மின்சார மணி, டைனமோ, பாரந்தூக்கி என்று செய்து முன்னேறினார்கள்.

நாற்பது வயதை ஒட்டி, ராய்ஸ் ஒரு பிரெஞ்சுக் காரைப் பழைய விலைக்கு வாங்கினார். சத்தம், அதிர்ச்சி, தொல்லை! விற்றுத் தள்ளவில்லை அவர். பிரித்துப் பார்த்தார், குறை எங்கே என்று தேடினார், தாமே புதிதாகச் செய்யத் துணிந்தார். 1904 ஏப்ரல் முதல் நாள், அவர் செய்த முதல் கார் பட்டறையை விட்டு ஓடிற்று.

அடுத்த மாதமே மான்செஸ்டர் மிட்லண்ட் ஓட்டலிலே ஒரு சந்திப்பு. வந்தவர் சார்லஸ் ரோல்ஸ்: பிரபுவின் மகன், ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர், லண்டனிலே கார் விற்பவர். நீர் செய்யும், நான் விற்கிறேன் என்ற ஏற்பாடு உருவாயிற்று. 1906இல் கம்பெனி பிறந்தது. விற்றவர் பெயர் முன்னே வந்தது, செய்தவர் பெயர் பின்னே போனது! ரோல்ஸைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. துணிச்சல்காரர், 1910இல் விமான விபத்திலே மாண்டார். ஆனால் உலகம் வியந்தது ராய்சின் கைவண்ணத்தை.

1907இல் வந்த ஆறு சிலிண்டர் 'சில்வர் கோஸ்ட்' காரை 15,000 மைல் ஓட்டிச் சோதித்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்துத் தேய்ந்த உறுப்புகளை மாற்ற ஆன செலவு, இரண்டு பவுனும் சில்லறையும்! நிஜாமின் சிம்மாசன வண்டியும் இந்த வகைதான்.

அந்தப் புகழுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. உணவை மறந்தார், உறக்கத்தைத் துறந்தார். உடன் உழைத்தோரையும் நேரங்காலம் பாராமல் வேலை வாங்கினார். அதை நாம் புகழமுடியாது. 1911இல் உடல் ஒடிந்தது. அதன்பிறகு தொழிற்சாலையை விட்டு விலகி, கடலோரத்திலே இருந்தபடியே வரைபடம் தீட்டினார். 1919இல் அட்லாண்டிக் கடலை நில்லாமல் தாண்டிய முதல் விமானம் பறந்தது அவருடைய இயந்திரங்களால். 1930இல் பட்டம் தேடி வந்தது. 1933 ஏப்ரல் 22இல் மறைந்தார்.

நம் நாட்டிலே இப்படி ஒருவர் இல்லையா? உண்டு! 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, கோவை ஓட்டலிலே வேலை பார்த்துச் சேர்த்த காசிலே மோட்டார் சைக்கிள் வாங்கி, பிரித்துப் பூட்டித் தொழில் கற்றவர்தானே!

ரோல்ஸ்-ராய்ஸ் கார்களை 2003 முதல் செய்துவருவது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. அதே கம்பெனி, 2007 முதல் நம் செங்கல்பட்டுப் பகுதியிலே, சிங்கப்பெருமாள் கோயிலருகே, தன் பெயர் தாங்கிய கார்களைப் பூட்டுகிறது. பூட்டும் கைகள் நம்முடையவை!

படூரிலே, கேளம்பாக்கத்திலே, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மெக்கானிக் கடைகள் உண்டு. படிப்பை விட்டுவிட்டு ஸ்பானர் பிடிக்கும் பையன்களும் உண்டு. அவர்களிலே ஒரு ராய்ஸ் இருக்கக்கூடும். ஆண்டுக்கு 20 பவுன் நின்றதும் ராய்சின் பயிற்சி நின்றது. மன உறுதியால் எழுந்தார் அவர். எல்லாப் பையன்களும் எழமுடியுமா? எழமுடியாமல் போனோர் பெயரை எந்த வரலாறு எழுதிவைத்தது?

பையன் விழும்வரை காத்திருந்து பரிதாபப்படுவதைவிட, பயிற்சி நிற்காமல் பார்த்துக்கொள்வது சமுதாயத்தின் கடமை. பளபளக்கும் பழைய காரைக் கண்டால் வியப்போம், தோழர்களே! வியந்த கையோடு, பக்கத்துப் பட்டறைப் பையனின் படிப்பு என்னவாயிற்று என்றும் கேட்போம்!