ஆற்றை அளந்த அறிஞர் விசுவேசுவரையா

மாரி பிறந்துவிட்டால் எம் கல்குடாப் பகுதியிலே பேச்செல்லாம் நீரைப் பற்றியதே. மாதுறு ஓயா எவ்வளவு பெருகிற்று, வாழைச்சேனை வாவி எவ்வளவு ஏறிற்று என்று காண்போரெல்லாம் வினவுவர். 2011ஆம் ஆண்டு சனவரி வெள்ளம் எம் இல்லச் சுவரிலே விட்டுச்சென்ற சேற்றுக்கோட்டைச் சுண்ணாம்பு பூசி மறைக்க என் அன்னையார் இடந்தரவில்லை. அடுத்த வெள்ளத்துக்கு அதுவே அளவுகோல் என்பது அவர் கருத்து. அக்கோட்டைக் காணுந்தோறும் என் நெஞ்சில் எழுபவர் பாரதத்தின் பொறியியற் பேரறிஞர் விசுவேசுவரையா அவர்கள். அணை கட்டிய பெரியாராகவே மாணவர் அவரை அறிவர். கட்டுவதற்கு முன் அவர் அளந்த கதையே ஈண்டுக் கூறப்புகுவது.

மைசூர் நாட்டு முத்தேனஹள்ளிச் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு செத்தெம்பர் 15ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். மகனின் இளமையிலேயே மறைந்தார். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துப் பெற்ற ஊதியத்திலே பெங்களூர் மத்திய கல்லூரியிற் கற்று 1881இற் பட்டம் பெற்றார். பின்னர்ப் பூனாவிற் பொறியியல் பயின்று முதன்மையாகத் தேறி, 1884இற் பம்பாய் மாகாணப் பொதுவேலைப் பகுதியில் அமர்ந்தார்.

பூனாவுக்கு அண்மையில் கடக்வாசலா என்னும் பழைய நீர்த்தேக்கம் உண்டு. மழைக்காலத்தில் அது வான் பாயும்போது மேலே பல அடி நீர் வீணே ஓடிற்று. பழைய அணையாதலின் அதனை நிலையாக உயர்த்துவது இடருக்கிடமாகும். வெள்ளத்தின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்த விசுவேசுவரையா, நீர் குறித்த மட்டத்தை எட்டியதும் தாமே திறந்து, தணிந்ததும் தாமே மூடும் வான்கதவுகளை 1903இல் அங்கே பொருத்தினார். ஏறக்குறைய எட்டடி நீர் மேலதிகமாகத் தேங்கிற்று.

அவருடைய அளவையறிவுக்குப் பெருஞ்சோதனை ஐதராபாத்திலே நேர்ந்தது. 1908ஆம் ஆண்டு செத்தெம்பர் 28ஆந் திகதி மூசி ஆறு பெருகி நகரை அழித்தது. மாண்டவர் 15,000 பேர்வரை என்பர். ஆற்றங்கரைப் புளியமரம் ஒன்றில் ஏறி 150 பேரளவில் உயிர்பிழைத்தனர். ஓய்வுபெற்று ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவந்த விசுவேசுவரையாவுக்கு இத்தாலியில் இருக்கையில் நிசாம் அரசின் அழைப்புத் தந்தி கிடைத்தது. பயணத்தை முடித்துக்கொண்டு 1909 ஏப்ரிலில் அவர் ஐதராபாத்தை அடைந்தபோது வெள்ளம் வடிந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியிருந்தது.

ஓடுகின்ற ஆற்றை அளத்தல் ஒருவாறு எளிது. கரைக்குக் கரை ஆழத்தைப் பகுதிபகுதியாகக் கண்டு, ஓட்டத்தின் விரைவையும் கண்டு, குறுக்குப் பரப்பை விரைவாற் பெருக்கினால் செக்கனுக்கு எத்தனை கன அடி செல்கின்றதென்பது புலப்படும். நாடோறும் அளந்து கோட்டுப்படமாக வரையின், மழைக்குப்பின் ஆறு விரைந்தெழுவதும் மெல்லத் தணிவதும் மலைமுகடுபோலத் தோன்றும். கடந்துபோன வெள்ளத்தை அளப்பது எங்ஙனம்? அது விட்டுச்சென்ற தடங்களின் உயரம், தடத்துக்குத் தடம் உள்ள சரிவு, ஆற்றின் அகலமும் ஆழமும், மேலே பெய்த மழையின் கணக்கு ஆகியவற்றைக் கொண்டே பின்னோக்கிக் கணித்தல் வேண்டும். என் அன்னையார் காத்த கோடும் இத்தகைய சான்றே.

மூசியின் நீரேந்து பரப்பு ஏறக்குறைய 860 சதுரமைல். அதிலிருந்த 788 குளங்களுள் 221 அவ்வெள்ளத்தில் உடைந்தன. ஒரு குளத்தின் நீர் அடுத்த குளத்தை உடைக்க, பெருமழையோடு அந்நீரும் சேர்ந்து நகரின்மேற் பாய்ந்தது. குளத்தை நம்பி வயல்செய்யும் எமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. வெள்ளத்தின் உச்சம் செக்கனுக்கு 425,000 கன அடி என விசுவேசுவரையா மதிப்பிட்டார். அவ்வெண்ணைக் கைக்கொண்டபின், கரைகளை உயர்த்துவதோடு அமையாது நகருக்கு மேலேயே நீரைத் தடுத்துச் சிறிது சிறிதாக விடல்வேண்டுமெனத் துணிந்தார். அவ்வாறெழுந்தவையே மூசிமீது 1920இல் முடிவுற்ற ஒசுமான் சாகரும், ஈசியாற்றின்மீது 1927இல் முடிவுற்ற இமாயத்து சாகரும். வெள்ளந் தடுக்கும் அவை நகருக்குக் குடிநீரும் அளித்தன.

மைசூரின் தலைமைப் பொறியியலாளராகி அவர் 1911இல் தொடங்குவித்த கிருட்டிணராசசாகரம் யாவரும் அறிந்தது. தஞ்சை வயல்கள் வாடுமோவெனச் சென்னை அரசு அஞ்சியதால் நெடுவழக்கு எழுந்தது. 1924இல் ஏற்பட்ட உடன்படிக்கை, காவிரி மேலணை அளவுகோலில் யூன் மாதத்தில் 6½ அடி, சனவரியில் 3 அடி என மாதந்தோறும் நீர்மட்டம் வரையறுத்து, அந்நீர் கிடைத்த பின்பே மைசூர் தேக்கலாமென விதித்தது. உழவர் இலட்சக்கணக்கானோரின் சோறு அக்கோலின் அடிக்கணக்கிலே தங்கியிருந்தது.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர்த் திவானாக விளங்கினார். பிற்பட்ட வகுப்பாருக்கு அரசுப்பணியில் இடம் ஒதுக்கும் கொள்கையை அவர் ஏற்காது பதவி துறந்தார். நீரை அத்துணை நுட்பமாக அளந்தவர், மாந்தரிடையே உள்ள மேடுபள்ளத்தை அவ்வாறு அளந்தாரல்லர் என்பது என் எண்ணம், உடன்படாதாரும் உளர்.

1955இல் பாரத ரத்தினம் என்னும் விருது அவரை அடைந்தது. நூறாண்டு கடந்து வாழ்ந்து, 1962 ஏப்ரில் 14ஆந் திகதி பெங்களூரில் உயிர்நீத்தார். பிறந்த ஊராகிய முத்தேனஹள்ளியிலே அவருக்கு நினைவிடம் அமைந்துள்ளது.