அலை கண்ட அறிஞர்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் ஸ்ரீபெரும்புதூர் அமைந்துள்ளது. அவ்வூரிலிருந்து ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள் நிரை நிரையாக நிற்கின்றன. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அந்நிலத்தில் இன்று மோட்டார் வண்டிகள் உருவாகின்றன, கைபேசிகள் உருவாகின்றன, அக்கைபேசிகளோடு தொடர்புகொள்ளும் கம்பியில்லா நிலையங்களுக்கு வேண்டிய கருவிகளும் உருவாகின்றன. அங்குள்ள தொழிலாளர் நாள்தோறும் பூட்டும் உறுப்புகளுள் ஒன்று அலைவாங்கி என்பது. ஆண்டெனா என்று உலகம் வழங்குவது அதனையே. மின்காந்த அலைகளை வெளியே விடுவதற்கும், வெளியிலிருந்து வரும் அலைகளை ஏற்பதற்கும் அது வாயிலாக நிற்கிறது. வாயில் பழுதுபட்டால் வீடு எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. அலைவாங்கி பழுதுபட்டால் கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அது ஊமையே.

இத்தகைய வாயில்களுள் சிறந்ததொரு வகையை ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் ஒரு சிற்றறையில் இருந்துகொண்டு ஆக்கிக் காட்டினார் ஒருவர். அவருக்குப் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. அரசின் பொருளுதவி இல்லை. தேர்ந்த கருவியாளர் இல்லை. ஆயினும் அவர் ஆக்கிய கருவிகளைக் கண்டு மேலைநாட்டுப் பேரறிஞர்கள் வியந்தனர். அவரே ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

இன்று வங்காளதேசம் எனப்படும் நிலப்பகுதியில் உள்ள மைமன்சிங் என்னும் ஊரில், 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசுப் பணியில் உயர்ந்த நிலையில் இருந்தவர். அந்நிலையில் உள்ளோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். அவரோ தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே மீனவர் மகனும் ஏவலாளர் மகனும் போஸின் இருபுறமும் அமர்ந்து படித்தனர். ஆற்றிலும் வயலிலும் வாழும் உயிர்களைப் பற்றி அச்சிறுவர்கள் கூறிய செய்திகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. கைத்தொழில் செய்வோரை மதிக்கும் பண்பும் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் அப்பண்பே அவருடைய ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று.

பின்னர் அவர் கல்கத்தாவில் உள்ள தூய சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கு அறிவியல் கற்பித்த லாஃபோன் பாதிரியார், பாடங்களைச் சொற்களால் மட்டும் விளக்காமல் சோதனைகளால் விளக்கிக் காட்டுவார். அவரிடம் பயின்ற போஸுக்கு இயற்பியலில் விருப்பம் மிகுந்தது. 1880-ஆம் ஆண்டில் மருத்துவம் கற்க இலண்டன் சென்ற அவரைக் கடுங்காய்ச்சல் வருத்தியது. உடல் அறுத்து ஆயும் அறையின் மருந்து நாற்றம் நோயை மிகுவித்தமையால் அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. உடனே கேம்பிரிட்ஜ் சென்று இயற்கை அறிவியல் பயின்றார். ராலே பிரபு என்னும் பேரறிஞர் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884-ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற போஸ் அடுத்த ஆண்டே தாயகம் திரும்பி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியற் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்றவுடனே ஒரு சோதனை வந்துற்றது. அது கருவிகளைக் கொண்டு செய்யும் சோதனையன்று. மன உறுதியைப் பற்றிய சோதனை. அக்காலத்தில், ஒரே பணியைச் செய்தாலும் ஆங்கிலேயப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு அளிக்கப்பட்டது. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று காரணங்காட்டி, அதிலும் பாதியையே தர முன்வந்தனர். போஸ் பணியைத் துறந்துவிடவில்லை. சினந்து பேசவும் இல்லை. வகுப்புகளைச் செம்மையாக நடத்தினார். ஊதியத்தை மட்டும் தொட மறுத்தார். ஒருநாள் இருநாள் அன்று, மூன்று ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. மக்களுக்குத் தொழில் வாய்ப்பு உண்டாக்க முயன்று பெருங்கடன் பட்டிருந்த தந்தையாரின் சுமையும் அப்பொழுது குடும்பத்தை அழுத்திக் கொண்டிருந்தது.

1887-ஆம் ஆண்டில் அவர் அபலா அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியை நாடி வந்து பயின்றவர். ஊதியம் இல்லாத இல்லறத்தை முகம் சுளியாமல் நடத்திக் கணவரின் உறுதிக்கு அவர் உறுதுணையாக நின்றார். முடிவில் கல்லூரித் தலைவர்கள் போஸின் தகுதியை உணர்ந்தனர். முழு ஊதியமும் பழைய பாக்கியோடு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பொருளைக் கொண்டு அவர் தந்தையாரின் கடனைத் தீர்க்கலானார்.

1894-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் போஸுக்கு முப்பத்தாறு வயது நிறைந்தது. இனித் தம் வாழ்நாளை ஆராய்ச்சிக்கே உரியதாக்குவது என அன்று அவர் உறுதிபூண்டார். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் உண்டென்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மெய்ப்பித்திருந்தார். அவ்வலைகளும் ஒளியைப் போலவே எதிரொளிக்கும், வளையும், ஒரு தளத்தில் நின்று அதிரும் என்பதை அவர் காட்டினார். ஆனால் அவர் கையாண்ட அலைகள் நீளமானவை. அலை நீண்டால் அதனை ஆராயும் கருவியும் பெரிதாக வேண்டும். ஆகவே அலையை வளைத்துக் காட்ட அவர் கீலால் வார்த்த பட்டகம் அரை டன்னுக்கும் மேல் எடையுடையதாயிற்று. போஸ் இவ்விடத்தில்தான் தம் நுண்ணறிவைச் செலுத்தினார். அலையைச் சிறிதாக்கினால் கருவியும் சிறிதாகும் அன்றோ? மேசையின்மேல் வைத்தே அலையின் இயல்புகள் அனைத்தையும் அளந்தறியலாம் அன்றோ? இவ்வாறு கருதி, 5 மில்லிமீட்டர் அளவேயுள்ள அலைகளை அவர் உண்டாக்கினார். அவ்வளவு சிறிய மின்காந்த அலைகளை ஆராய்வதில் உலகிற்கே முன்னோடியாக விளங்கியவர் அவரே.

கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆய்விடம் 24 சதுர அடியே கொண்ட ஒரு சிற்றறை. உதவிக்கு இருந்தவர் ஒரு தகரக் கொல்லர். அவர் அறிவியல் கற்றவரல்லர். ஆயினும் போஸ் விளக்கிக் கூறியவற்றை உலோகத்தில் வடித்துத் தரும் கைத்திறம் உடையவர். பொருட்செலவைப் போஸே ஏற்றார். வேண்டிய பொருள்களைக் கடல் கடந்து தேடாமல் கைக்கெட்டும் இடத்திலேயே அவர் தேடினார். ஒரு தளத்தில் அதிரும் அலையை மட்டும் பிரித்தெடுக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. புகைவண்டிக் கால அட்டவணை நூல் ஒன்றை எடுத்து அதன் இதழ்களுக்கு இடையே ஈயத் தாள் போன்ற மெல்லிய தகட்டுத் தாள்களை வைத்தார். இதழ்களின் போக்கை ஒட்டி அதிர்ந்த அலை தடைப்பட்டது. குறுக்காக அதிர்ந்த அலை கடந்து சென்றது. வங்காளத்தில் மலிவாகக் கிடைக்கும் சணலை முறுக்கிக் கட்டி, அதிர்வுத் தளம் எவ்வாறு திரும்புகிறது என்பதையும் ஆராய்ந்தார். பிறர் பயணத்திற்கும் சாக்கு நெய்வதற்கும் கொண்ட பொருள்கள் அவர் கையில் அறிவியற் கருவிகளாயின.

அவர் அமைத்த கருவிகளுள் தலைசிறந்தது கொம்பு வடிவ அலைவாங்கி ஆகும். நாகசுரத்தைக் கண்டிருப்பீர்கள். அதன் அடிப்பகுதியில் அணசு என்னும் விரிந்த வாய் பொருத்தப்பட்டிருக்கும். குழலுக்குள் பிறந்த இசை அவ்வாய் வழியே தடையின்றி வெளியில் பரவுகிறது. மின்காந்த அலைக்கும் இதே நிலைதான். உலோகக் குழாயின் வழியே வரும் அலை, குழாய் திடீரென முடியுமிடத்தில் ஒரு பகுதி உள்ளேயே திரும்பிவிடும். குழாயின் வாயைப் படிப்படியாக விரித்துப் புனல்போல் அமைத்தால், அலை எளிதில் வெளியேறி ஒரே திசையில் செல்லும். அவ்வாறே வெளியிலிருந்து வரும் அலையையும் அவ்விரிந்த வாய் திரட்டி உள்ளே செலுத்தும். இவ்வமைப்பைப் போஸ் தம் கைக்கருவியில் பொருத்தினார். 1897-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் அரசக் கழகத்தில் அறிஞர் அவைமுன் அதனை இயக்கிக் காட்டினார். கெல்வின் பிரபு போன்ற பேரறிஞர்கள் அவருடைய ஆராய்ச்சியை வியந்து பாராட்டினர்.

கருவியை ஆக்குவதினும் அதனைப் பழுதின்றிக் காப்பது அரிது. வங்காளத்தின் ஈரக் காற்று எஃகை விரைவில் துருவேற்றிவிடும். அலை வந்ததை அறிவிக்கும் உணர்கருவியில் போஸ் நுண்ணிய எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கியிருந்தார். சிறிது துரு ஏறினும் அவை உணர்விழந்துவிடும். மேலைநாட்டு நூல்களில் இத்துன்பத்திற்கு மாற்றுக் கூறப்படவில்லை. ஏனெனில் அந்நாட்டுக் காற்று வேறு. போஸ் அச்சுருள்களுக்குக் கோபால்ட் என்னும் உலோகத்தைப் பூசினார். துரு அணுகாது காத்தார். தாம் வாழும் நிலத்தின் இயல்பறிந்து கருவி செய்வதே உண்மையான தொழில்நுட்பம் என்பதை இச்செயல் காட்டுகிறது.

1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அவர் நிகழ்த்திய சோதனை மக்களைத் திகைக்கச் செய்தது. ஓரறையில் பிறந்த அலை சுவர்களைக் கடந்து சென்று, அப்பாலிருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தை வெடிக்கச் செய்தது. கம்பியின்றிச் செய்தி அனுப்பலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? செல்வம் தேடும் கண்கள் அவர்பால் திரும்பின. 1901-ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் இருந்தபொழுது, தந்தித் தொழிலில் பெருஞ்செல்வரான ஒருவர் அவரை நாடி வந்தார். கண்டுபிடிப்புக்கு உரிமைப் பட்டயம் பெறுமாறும், வரும் ஊதியத்தில் பங்கு தருவதாகவும் கூறினார். போஸ் இசையவில்லை. அறிவு விலைப்பொருள் ஆகலாகாது என்பது அவர் கொள்கை. நண்பர்கள் மிகவும் வற்புறுத்தியதனால், கலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்டு அவர் அமைத்த உணர்கருவிக்கு மட்டும் 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பட்டயம் கிடைத்தது. அதனையும் அவர் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார்.

இக்கொள்கையால் அவர் இழந்தது சிறிதன்று. 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கம்பியில்லாச் செய்தி அனுப்பினார் என்று உலகம் ஆர்ப்பரித்தது. அதற்கு அவர் கையாண்ட பாதரச உணர்கருவி, 1899-ஆம் ஆண்டில் போஸ் வெளியிட்ட கருவியின் வழிவந்ததே எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் சான்றுகளோடு காட்டியுள்ளனர். எனினும் மார்க்கோனியின் உழைப்பைக் குறைத்துக் கூறுதல் முறையன்று. தொலைவு கடத்தலே அவர் நோக்கம். அதற்கு நீண்ட அலைகளே அன்று உதவின. அலையின் இயல்பை அறிதலே போஸின் நோக்கம். அதற்குக் குறுகிய அலைகளே ஏற்றவை. உலகம் நீண்ட அலைகளின் பின்னே சென்றது. போஸின் சிற்றலைகள் பேழையில் வைத்த மணிபோல நெடுங்காலம் மறைந்து கிடந்தன.

பின்னர்ப் போஸ் தாவரங்களின் உணர்ச்சியை ஆராயத் தலைப்பட்டார். செடியின் நுண்ணிய வளர்ச்சியையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை ஆக்கினார். பாரதியார் அவருடைய உரையொன்றைத் தமிழில் பெயர்த்துத் தந்து நம் மக்களுக்கு அவர் பெருமையை அறிவித்தார். 1917-ஆம் ஆண்டில், தம் பிறந்தநாளாகிய நவம்பர் 30-ஆம் நாள், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை அவர் நிறுவினார். 1920-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த பின்னரே அவருடைய சிற்றலைகளுக்கு நற்காலம் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகள் குறுகிய அலைகளைத் தேடின. கொம்பு வடிவ அலைவாங்கி மீண்டும் உலகிற்குத் தேவைப்பட்டது. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர், பேரண்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்து வரும் அலையைக் கேட்டதும் பெரியதொரு கொம்பு அலைவாங்கியினாலேயே ஆகும். 2012-ஆம் ஆண்டில், ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் அமைப்பு போஸின் மில்லிமீட்டர் அலை ஆராய்ச்சியை வரலாற்றுச் சிறப்புடைய சாதனையாக அறிவித்தது.

ஊதியம் கருதாது கம்பியில்லாக் கலையைப் பயில்வோரும் உலகில் உளர். அவர்களை அமெச்சூர் வானொலியார் என்பர். வீட்டு மாடியில் தாமே அலைவாங்கியை நிறுத்தி, புயலில் சாய்ந்தால் தாமே செப்பனிட்டு, குறித்த நேரத்திற்குள் எத்தனை நிலையங்களோடு தொடர்புகொள்ளலாம் எனத் தம்முள் போட்டியிடுவர். அவர்களுள் மிகக் குறுகிய அலைகளைக் கையாள்வோர் மலைமுகடுகளில் ஏறி, கொம்பு வடிவ அலைவாங்கியைத் தொலைவிலுள்ள நண்பரின் திசைநோக்கித் திருப்பி வைக்கின்றனர். அன்பு ஒன்றே காரணமாகக் கருவி செய்யும் இவர்கள் போஸின் வழியினரே ஆவர்.

நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைக் கைபேசிப் பணிக்கென 2022-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளுள் ஒன்றின் அலைநீளம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். போஸ் தம் சிற்றறையில் ஆண்ட அலைகளுக்கு அது நெருங்கிய உறவு. ஸ்ரீபெரும்புதூரில் ஓர் இளம் தொழிலாளி நுண்ணிய உறுப்பொன்றைப் பூட்டும்பொழுது, கல்கத்தாவின் தகரக் கொல்லர் தொடங்கிய வேலையையே தொடர்கிறார். பெரிய கூடம் வாய்க்கட்டும், பிறகு தொடங்குவோம் என்று போஸ் காத்திருந்தாரில்லை. கையில் இருந்த கால அட்டவணையிலிருந்தே அவர் தொடங்கினார். கற்கும் மாணவர் உள்ளங்கொள்ள வேண்டுவது இதுவேயாகும்.