மழையைக் கணக்கில் தேடியவர்: கில்பேர்ட் வோக்கரும் கடல் மிதவைகளும்

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் மழைமானியைப் பார்த்திருப்பீர்கள். காலையில் அதில் சேர்ந்த நீரை அளந்து ஏட்டில் குறிப்பார்கள். பெரட்டுக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மழையின் கூடுதல் குறைவு அவர்களுக்குக் கொழுந்தில் தெரியும், பிறகு சம்பளத்தில் தெரியும். ஆனால் அந்த மழை பெய்வதும் பொய்ப்பதும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடலோடு தொடர்புடையது. மலையகத் தமிழரின் முன்னோர் பலர் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்ததற்கும் அந்தக் கடல் ஒரு காரணம்.

1876இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் நிலைமை சீராகவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று ஊர்ப்புறங்களில் இன்றும் சொல்லப்படுவது இதுதான். இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் மடிந்தார்கள். நாட்டில் தானியமே இல்லாமல் போகவில்லை. சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் அது கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உயிர் பிழைக்கக் கிளம்பியவர்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களில் சேர்ந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை.

பஞ்சத்துக்குப் பிறகுதான் மழையை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற எண்ணம் பிரித்தானிய ஆட்சிக்கு வந்தது. 1875இல் தொடங்கப்பட்டிருந்த இந்திய வானிலைத் திணைக்களத்திடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்ட் இமயமலைப் பனியை வைத்து மழையைக் கணித்தார். அடுத்து வந்த ஜோன் எலியட் 1899இல் நல்ல மழை வரும் என்றார். வந்தது இன்னொரு பஞ்சம். அந்தத் தோல்வியின் நிழலில், 1904இல், வானிலையே படித்திராத ஒரு கணித மேதையிடம் நாற்காலி போய்ச் சேர்ந்தது.

கில்பேர்ட் வோக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் பிறந்தவர். 1889இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். வளைதடியை எறிந்து அது திரும்பி வருவதற்கான கணிதத்தை எழுதியதால் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வளைதடியின் பெயரே பட்டப்பெயரானது. புல்லாங்குழலின் அமைப்பையும் ஆராய்ந்தார். இப்படிப்பட்ட ஒருவரிடம் கோடிக்கணக்கான விவசாயிகளின் மழையைக் கொடுத்தது விசித்திரம்தான். ஆனால் ஏற்கெனவே இருந்த எந்தக் கோட்பாட்டையும் அவர் நம்பிக்கொண்டு வரவில்லை. அதுவே உதவியது என்று நினைக்கிறேன்.

அலுவலகம் சிம்லாவில். அங்கே இந்திய எழுதுவினைஞர்களை அமர்த்தி உலகெங்கிலுமிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை, ஆற்று வெள்ளம் எனக் கிடைத்த எண்களையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட வைத்தார். ஓரிடத்தில் அழுத்தம் ஏறும்போது வேறோரிடத்தில் மழை குறைகிறதா? எத்தனை ஆண்டுகளில் அப்படி நடந்தது? கணினி இல்லாத காலம். அத்தனையும் கையால் போட்ட கணக்கு. முதலாம் உலகப்போர் ஆட்களை இழுத்துக்கொண்டது. 1918இல் மழை மறுபடியும் மோசமாகப் பொய்த்தது.

இடையில் நமக்கு நெருக்கமான ஒரு சம்பவம். 1913 பெப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்குப் போன வோக்கரிடம், அங்கே மாதம் 30 ரூபா சம்பளத்தில் வேலைபார்த்த ஓர் எழுதுவினைஞரின் குறிப்பேடுகள் காட்டப்பட்டன. சீனிவாச இராமானுஜனின் குறிப்பேடுகள். வோக்கர் அடுத்த நாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. இராமானுஜன் கதையில் ஹார்டிக்குக் கிடைக்கும் இடம் இவருக்குக் கிடைப்பதில்லை.

எண்களுக்குள்ளிருந்து கடைசியில் ஒரு ஊஞ்சல் வெளிப்பட்டது. பசுபிக் சமுத்திரத்தில் அழுத்தம் ஏறினால் இந்து சமுத்திரப் பக்கம் இறங்குகிறது; இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. இந்தப் பக்கம் ஏறிய ஆண்டுகளில் இந்தியாவில் பெரும்பாலும் மழை குறைந்தது. இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். ஆனால் ஊஞ்சலை ஆட்டுவது எது என்று அவரால் காட்ட முடியவில்லை. இந்திய மழையை முன்கூட்டிச் சொல்வதைவிட, அதை வைத்து மற்ற நாடுகளின் வானிலையைச் சொல்வதே எளிது என்றும் கண்டார். அவர் இந்தியாவுக்கு வந்த வேலைக்கு அது நேரெதிர். 1924இல் சேர் பட்டத்துடன் ஓய்வுபெற்று, இலண்டனில் 10 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1958 நவம்பர் 4 அன்று இறந்தார். அவர் எதிர்பார்த்தபடி உலக வானிலைக் கோட்பாடு எதுவும் இதிலிருந்து பிறக்கவில்லை என்ற தொனியில் அஞ்சலிக் குறிப்பு வந்தது.

அப்போது விடை ஏற்கெனவே கடலில் அளக்கப்பட்டிருந்தது. 1957-58 சர்வதேச புவிபௌதிக ஆண்டில், பசுபிக்கின் நடுப்பகுதி வரை கடல் அசாதாரணமாகச் சூடேறியிருப்பது பதிவானது. அந்தத் தரவுகளை வைத்து யாகோப் பியர்க்னெஸ் 1969இல் கடலின் சூட்டையும் வோக்கரின் ஊஞ்சலையும் இணைத்தார். அந்தச் சூடுதான் எல் நினோ. பசுபிக்கின் மேலே கிழக்கும் மேற்குமாகச் சுழலும் காற்றோட்டத்துக்கு வோக்கரின் பெயரைச் சூட்டியவரும் அவர்தான். 1877இலும் அதே ஊஞ்சல்தான் ஒரு பக்கம் பலமாகச் சாய்ந்திருந்தது என்பது பின்னர் தெளிவானது.

கரையிலிருந்து அழுத்தத்தை மட்டும் பார்த்தவருக்குக் கிடைக்காததை இன்று மிதவைகள் தருகின்றன. 1982-83இன் பெரும் எல் நினோ உச்சத்தை நெருங்கும்வரை யாருக்கும் பிடிபடவில்லை. அதன் பிறகு பசுபிக்கில் சுமார் 70 மிதவைகள் கட்டப்பட்டன. வேலை 1994இல் முடிந்தது. கடலடியில் நங்கூரமிட்ட நீண்ட வடத்தின் உச்சியில் மிதவை நிற்கும். மேலே காற்றையும் வெப்பத்தையும், கீழே 500 மீற்றர் ஆழம் வரை நீரின் சூட்டையும் அளந்து செய்மதிக்கு அனுப்பும். இந்து சமுத்திரத்தில் இதேபோன்ற 'ராமா' மிதவைத் தொடர் 2004இல்தான் தொடங்கியது.

2004 என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். மழைக்கான மிதவை சுனாமியைக் காட்டாது. அதற்குக் கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி வேண்டும். ஆழ்கடலில் அலை சில சென்ரிமீற்றர் உயர்ந்தாலும் அது உணர்ந்து மேலேயுள்ள மிதவைக்குச் சொல்லும். டிசம்பர் 26 அன்று பசுபிக்கில் அவை இருந்தன, இந்து சமுத்திரத்தில் இல்லை. சுமாத்ராவில் நிலம் நடுங்கி, முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அலை எட்டச் சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை நிலையம் 2007இல் வந்தது. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறியவர்கள், 2004ஐயும் 2009ஐயும் அங்கேயே கண்டார்கள்.

மலையில் எஞ்சியவர்களுக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவில் மழை குறையும்போது, இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுவதுண்டு. இந்த வகை முன்னறிவிப்பு இப்போது மாதக்கணக்கில் முன்பே கிடைக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு அவதானம், 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்று வரையறுத்திருக்கிறது. ஆக, எண்களுக்குப் பஞ்சமில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. போய்க் குடியிருக்க அந்தச் சனங்களுக்கு வேறு காணி இருக்கவில்லை. தப்பியவர்களில் பலர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.