விண்வெளி ஆராய்ச்சிக்கு உயிர் தந்த பட்சாயெவ்

பூமியைச் சுற்றி வந்த முதல் ஆராய்ச்சிக் கூடத்தில் தங்கி வேலை செய்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் விக்டர் பட்சாயெவ். விண்வெளி வீரர்களில் பெரும்பாலோர் விமானப் படையிலிருந்து வந்த காலம் அது. பட்சாயெவோ கருவிகளை அமைக்கும் எஞ்சினியர்.

தந்தையை இழந்த சிறுவன்

1933-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி, இன்று கஜகஸ்தான் நாட்டில் இருக்கும் அக்தியூபின்ஸ்க் நகரில் அவர் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை யுத்தம் பறித்துக் கொண்டது. 1941-ல் மாஸ்கோவைக் காக்க நடந்த போரில் தந்தை உயிர் துறந்தார். யுத்தம் முடிந்ததும் குடும்பம் பால்டிக் கடலோரத்தில் உள்ள கலினின்கிராடுக்குக் குடிபெயர்ந்தது.

பென்சா நகரத் தொழிற்கல்லூரியில் படித்து, 1955-ல் பட்சாயெவ் எஞ்சினியர் ஆனார். ராக்கெட்டில் வைத்து மேலே அனுப்பும் வானிலைக் கருவிகளை அமைப்பதுதான் அவருடைய முதல் உத்தியோகம். 1957-ல் ஸ்புட்னிக் பறந்தது. மறு ஆண்டே, அதைப் படைத்த கொரோலெவின் நிலையத்தில் அவர் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார், எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டார். 1960-களின் இறுதியில் விண்வெளிப் பயிற்சிக்கு அவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எதிர்பாராத வாய்ப்பு

1971 ஏப்ரல் 19-ந் தேதி, சல்யூட் என்ற ஆராய்ச்சிக் கூடத்தை ரஷ்யர்கள் விண்ணில் ஏற்றினார்கள். அதே மாதம் சென்ற முதல் கோஷ்டியால் அதற்குள் நுழைய முடியவில்லை. அடுத்த கோஷ்டி புறப்பட இருந்த சமயத்தில், அதில் ஒருவருடைய நுரையீரலில் புள்ளி தெரிவதாக டாக்டர்கள் சொன்னார்கள். மூவரையுமே நிறுத்திவிட்டு, மாற்றுக் கோஷ்டியை அனுப்ப முடிவாயிற்று. டொப்ரொவோல்ஸ்கி, வோல்கொவ், பட்சாயெவ் ஆகிய மூவரும் ஜூன் 6-ந் தேதி கிளம்பி, மறுநாள் சல்யூட்டுக்குள் புகுந்தார்கள்.

அங்கே பட்சாயெவுக்கு ஓயாத வேலை. நட்சத்திரங்களிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் பெரும் பகுதியைக் காற்று மண்டலம் தடுத்து விடுகிறது. ஆகையால் ஓரியன் என்ற தொலைநோக்கியைச் சல்யூட்டில் பொருத்தியிருந்தார்கள். அதை இயக்கி, அபிஜித் முதலிய நட்சத்திரங்களின் ஒளியை அவர் பதிவு செய்தார். காற்று மண்டலத்துக்கு வெளியே தொலைநோக்கியை இயக்கிய முதல் மனிதர் அவரே. ஒயாஸிஸ் என்ற சிறு தோட்டப் பெட்டியில் ஆளிச் செடிகள் முளைத்தன. எடையற்ற நிலையில் உடல் என்ன ஆகிறது என்று அறிய, மூவரும் தங்கள் உடலையே பரிசோதனைக்குக் கொடுத்தார்கள்.

ஜூன் 16-ந் தேதி மின் கருவியிலிருந்து புகை கிளம்பியது. திரும்பிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. கோளாறு சரியானதும் வேலையைத் தொடர்ந்தார்கள். மூன்று நாள் கழித்து, 38 வயது நிறைந்த பட்சாயெவ் தம் பிறந்த நாளை விண்ணிலேயே கொண்டாடினார்.

கடைசி நிமிஷங்கள்

23 நாட்கள் விண்ணில் கழித்து, அதுவரை யாரும் எட்டாத சாதனையோடு மூவரும் புறப்பட்டனர். ஜூன் 30-ந் தேதி சோயூஸ் கலம் பாராசூட்டில் மெதுவாகத்தான் இறங்கியது. கதவைத் திறந்தவர்கள் திடுக்கிட்டார்கள். உள்ளே மூவரும் உயிரற்றுக் கிடந்தார்கள்.

எடையின்மையே அவர்களைக் கொன்று விட்டதோ என்று விஞ்ஞானிகள் கலங்கினார்கள். அப்படியானால் விண்ணில் ஆராய்ச்சிக் கூடம் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டியதுதான். ஆனால் விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. சுமார் 168 கிலோ மீட்டர் உயரத்தில், கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் ஒரு வால்வு திறந்து கொண்டது. இரண்டு நிமிஷத்துக்குள் காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. மூவர் நெருங்கி உட்கார வேண்டியிருந்ததால், காற்றடைத்த உடை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அந்த வால்வு பாதி மூடிய நிலையில் காணப்பட்டது. அதை மூடப் போராடியவர் பட்சாயெவ் என்று கருதப்படுகிறது.

மூவரின் அஸ்தியும் கிரெம்ளின் மதிற்சுவரில் வைக்கப்பட்டது. பட்சாயெவ் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுச் சென்றார். பின்னாளில் ஓர் ஆராய்ச்சிக் கப்பலுக்கும், சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

பூமிக்குக் கிடைத்த பலன்

அவர்கள் தொடங்கிய பணி நிற்கவில்லை. 2000 நவம்பர் முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் மாறி மாறித் தங்கி வருகிறார்கள். அங்கே உடல் எடையைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 சதவிகிதம் அளவில் பலம் குன்றுகின்றன. முதுமையில் பல ஆண்டுகளில் நேரும் எலும்புத் தேய்வு அங்கே சில மாதங்களில் நேர்வதால், அதைத் தடுக்கும் உடற்பயிற்சியையும் மருந்தையும் சோதிக்க முடிகிறது. கனம் என்பதே இல்லாத இடத்தில் சிலவகைப் புரதப் படிகங்கள் சீராக வளர்கின்றன; அவற்றின் அமைப்பை அறிந்து புதிய மருந்துகளைத் தேடுகிறார்கள். வியர்வையையும் சிறுநீரையும் குடிநீராக்கும் முறையும் அங்கே நாள்தோறும் நடக்கிறது.

1973-ல் சோயூஸ் மீண்டும் மனிதர்களுடன் பறந்தபோது, மூவருக்குப் பதில் இருவரே சென்றார்கள். இருவரும் காற்றடைத்த உடை அணிந்திருந்தார்கள். இடத்தைச் சீரமைத்து, 1980-ல் உடையோடு மூவரை அனுப்பினார்கள். இன்றும் சோயூஸில் ஏறும் ஒவ்வொருவரும் அந்த உடையை அணிந்த பிறகே புறப்படுகிறார்கள். பட்சாயெவுக்குக் கிடைக்காத அந்தப் பாதுகாப்பு, அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அவரால் கிடைத்தது.