விக்டோரியா மகாராணியின் வீட்டோடு மாப்பிள்ளை

விக்டோரியா மகாராணியின் பெயரை அறியாதவர் இல்லை. 63 ஆண்டுகள் இங்கிலாந்தை ஆண்டவர். ஆனால் அவருடைய கணவர் ஆல்பர்ட்டைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

பிறந்த மண்ணை விட்டு, வேறு மொழி பேசும் நாட்டுக்கு வந்து, கையில் அதிகாரம் எதுவும் இல்லாமல், உழைப்பால் மட்டுமே பெயர் எடுத்தவர் அவர்.

அத்தை மகள்

ஆல்பர்ட் 1819-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி ஜெர்மனியில் கோபர்க் நகரின் அருகே பிறந்தார். தந்தை அந்தச் சிறிய நாட்டை ஆண்டவர். விக்டோரியா, ஆல்பர்ட்டுக்கு அத்தை மகள். மூன்று மாதம் மூத்தவர். இருவருக்கும் பிரசவம் பார்த்தது ஒரே மருத்துவச்சி!

ஆல்பர்ட்டுக்கு 5 வயதானபோது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தாய் கோபர்க்கை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகு மகன் தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

1837-ல் விக்டோரியா மகாராணி ஆனார். ஒரு மகாராணியிடம் போய், "என்னை மணந்து கொள்கிறாயா?" என்று எந்த ஆணும் கேட்க முடியாது. அதனால் 1839 அக்டோபரில் விக்டோரியாவே ஆல்பர்ட்டிடம் கேட்டார். 1840 பிப்ரவரி 10-ந்தேதி லண்டனில் திருமணம் நடந்தது.

மை ஒற்றும் வேலை

மாப்பிள்ளைக்கு இங்கிலாந்தில் நல்ல வரவேற்பு இல்லை. ஆண்டுக்கு 50 ஆயிரம் பவுன் கொடுக்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. பார்லிமெண்டு அதை 30 ஆயிரமாகக் குறைத்தது. அவருடைய ஜெர்மன் உச்சரிப்பைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள்.

ராஜாங்கக் காகிதங்களில் மகாராணி கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் இருந்து மை ஒற்றிக் கொடுப்பதுதான் ஆரம்பத்தில் ஆல்பர்ட்டுக்குக் கிடைத்த வேலை.

அவர் சண்டை போடவில்லை. கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பவும் இல்லை. செய்யவேண்டிய வேலையைத் தானே தேடினார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது அரண்மனைதான். அங்கே ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்க ஒரு இலாகா, வெளிப்பக்கத்தைத் துடைக்க வேறு இலாகா! கணப்பு அடுப்பில் விறகு அடுக்குவது ஒருவர் பொறுப்பு; பற்ற வைப்பது இன்னொருவர் பொறுப்பு. ஆல்பர்ட் இந்தக் குழப்பத்தைச் சரிசெய்தார். வீண் செலவு குறைந்தது. மேல்வரும்படி போனவர்கள் அவரை வெறுத்தார்கள். ஆனால் மகாராணியின் நம்பிக்கை வளர்ந்தது. மந்திரிகளும் அவருடைய யோசனையைக் கேட்கத் தொடங்கினார்கள்.

கண்ணாடி மாளிகை

1851-ல் லண்டன் ஹைடு பூங்காவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு முன்னின்று பாடுபட்டவர் ஆல்பர்ட். இரும்பாலும் கண்ணாடியாலும் 1,800 அடிக்கு மேல் நீளமுள்ள மாளிகை எழுந்தது. கட்டிடம் சரிந்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. அது சரியவில்லை. ஒரு ஷில்லிங் டிக்கெட்டில் ஏழைத் தொழிலாளர்களும் வந்து பார்த்தார்கள். மொத்தம் 60 லட்சம் பேர் வந்தார்கள். 1 லட்சத்து 86 ஆயிரம் பவுன் லாபம் கிடைத்தது. அந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தில்தான் லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் பிற்காலத்தில் எழுந்தன.

கண்காட்சியையொட்டி, தொழிலாளர் குடும்பங்களுக்கான மாதிரி வீடுகளையும் ஆல்பர்ட் கட்டிக் காட்டினார்.

பஞ்சாபில் இருந்து வெள்ளையர் கொண்டுபோன கோகினூர் வைரமும் அங்கே வைக்கப்பட்டது. அது எதிர்பார்த்த அளவு மின்னவில்லை என்று மக்கள் குறைப்பட்டார்கள். 1852-ல் ஆல்பர்ட் முன்னின்று அதைத் திரும்பப் பட்டை தீட்டச் செய்தார். 186 காரட் வைரம் சுமார் 105 காரட்டாகச் சுருங்கியது.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை. 1854-ல் ரஷியாவுடன் போர் மூளும் நேரம். ஆல்பர்ட் துரோகி என்றும், அவரைக் கைது செய்துவிட்டார்கள் என்றும் வதந்தி பரவியது. சிறைக்கோட்டை முன்பு கூட்டம் கூடிவிட்டது! 1857-ல்தான் அவருக்கு 'மகாராணியின் கணவரான இளவரசர்' என்ற பட்டம் கிடைத்தது. கொடுத்தது பார்லிமெண்டு அல்ல, மகாராணியே கொடுத்தார்.

கடைசி வேலை

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. இங்கிலாந்தின் தபால் கப்பல் ஒன்றை அமெரிக்கப் போர்க்கப்பல் மறித்து, தென் மாநிலங்களின் தூதர்கள் இருவரைப் பிடித்துச் சென்றது. இங்கிலாந்து மந்திரிகள் கடுமையாக ஒரு கடிதம் தயாரித்தார்கள். அது போனால் போர்தான்.

ஆல்பர்ட் அப்போது நோயாளி. பேனா பிடிக்கவும் கை நடுங்கியது. டிசம்பர் 1-ந்தேதி எழுந்து உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தினார். கப்பல் தலைவர் மேலிடத்து உத்தரவு இல்லாமல் செய்திருக்கலாம் என்று எழுதி, அமெரிக்கா கௌரவமாக இறங்கிவர வழிவிட்டார். தூதர்கள் விடுவிக்கப்பட்டார்கள். போர் தவிர்ந்தது.

அந்தச் செய்தியை அறிய அவர் உயிரோடு இல்லை. டிசம்பர் 14-ந்தேதி இரவு வின்சர் கோட்டையில் காலமானார். டைபாய்டு காய்ச்சல் என்றார்கள் டாக்டர்கள். வயது 42. பிள்ளைகள் 9 பேர்.

அதன் பிறகு சுமார் 40 ஆண்டுகள் விக்டோரியா உயிர் வாழ்ந்தார். கடைசிவரை கறுப்பு உடைதான். கணவரின் அறையில் அவர் சவரம் செய்ய வெந்நீரும், மாற்று உடையும் நாள்தோறும் எடுத்து வைக்கும்படி உத்தரவிட்டிருந்தார்.