ஒளியை எடை போட்டவர்

புகைப்படக் கலை பிறவியிலேயே வாய்க்க வேண்டும், படித்து வருவதன்று என்று நம் விடுதியில் ஒரு கட்சி உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வழக்கு நடக்காத வாரமில்லை. கண் உள்ளவனுக்குக் கைப்பேசியே போதும், கண் இல்லாதவனுக்கு இலட்ச ரூபாய்க் காமிராவும் வீண் என்பார்கள் அக்கட்சியினர். நான் எதிர்க்கட்சி. பௌதிகம் படிக்கிறவன் ஆகையால், ஒரு காரியம் நன்றாக அமைந்தால் அதற்குக் காரணம் இருக்கும், காரணம் இருந்தால் அதைக் கற்கவும் முடியும் என்று நம்புகிறவன். என் கட்சிக்குச் சாட்சியாக ஒருவரை அழைத்து வருகிறேன். அவர் பெயர் ஆன்ஸல் ஆடம்ஸ். அமெரிக்கர், மலைகளையும் வானத்தையும் கறுப்பு வெள்ளையில் படமாக்கி உலகப் புகழ் பெற்றவர். மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

1902ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்தார். அந்நகரை அழித்த 1906ஆம் ஆண்டுப் பூகம்பம் நான்கு வயதுக் குழந்தையையும் விடவில்லை. பின்னதிர்வு ஒன்று அவரைத் தோட்டச் சுவரில் மோதச் செய்தது. உடைந்த மூக்கு கடைசிவரை கோணலாகவே இருந்தது. குடும்பத்தின் மர வியாபாரமும் அடுத்த சில ஆண்டுகளில் நொடித்தது. பையனோ ஓரிடத்தில் உட்காராதவன். பள்ளி மாற்றிப் பள்ளி சேர்த்தும் பயனில்லை. தந்தை சார்லஸ் ஆடம்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். 1915இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் உலகக் கண்காட்சிக்கு ஓராண்டு நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்து, இந்த வருஷம் இதுதான் உனக்குப் பள்ளிக்கூடம் என்று அனுப்பிவிட்டார். நம் தந்தையரில் எத்தனை பேருக்கு இந்த நெஞ்சுரம் வரும்? முறையான படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டு வயதில் தானாகவே பியானோ வாசிக்கத் தொடங்கி, பிறகு ஆசிரியர்களிடம் ஒழுங்காகப் பயின்றார். பியானோ வித்துவானாக வாழ்வதே அவர் எண்ணமாக இருந்தது.

காமிரா கைக்கு வந்தது 1916இல். கலிபோர்னியாவின் யோஸெமிட்டி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு சென்றபோது, தந்தை ஒரு கோடக் பிரௌனிப் பெட்டிக் காமிராவைக் கொடுத்தார். மக்கிப்போன மரக்கட்டை ஒன்றின் மேலேறிப் படமெடுக்கையில் கட்டை சரிந்து, பையன் தலைகீழாக விழும்போது விரல் ஷட்டரை அழுத்திவிட்டது. அந்தப் படமும் பதிவாயிற்று. பிறவிக் கலைஞனின் முதல் படைப்புகளில் ஒன்று தலைகீழ் என்பதை எதிர்க்கட்சியினர் குறித்துக்கொள்க!

அதன்பின் அவர் கற்ற வழியைப் பாருங்கள். பிலிம் கழுவித் தரும் ஒருவரிடம் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தார். புகைப்படப் பத்திரிகைகளைப் படித்தார். காமிராக் கழகக் கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் போனார். 1919இல் ஸியரா கிளப் என்னும் மலையேறிகளின் சங்கத்தில் சேர்ந்து, கோடைதோறும் யோஸெமிட்டியில் அதன் விடுதிக்குக் காவலராக இருந்து அந்த மலைகளைச் சுற்றினார். நாளிதுவரை ஒரு பொழுதுபோக்குக்காரன் கற்கும் வழிகள் இவைதாமே? கடையும் பத்திரிகையும் கழகமும் மட்டும் இன்று திரைக்குள் வந்துவிட்டன.

திருப்பம் 1927 ஏப்ரல் 10ஆம் நாள் நேர்ந்தது. அரைக்கோள வடிவில் நிற்கும் ஹாப் டோம் மலைமுகத்தைப் படமெடுக்க, கனமான காமிராவையும் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளையும் சுமந்து பனியில் ஏறினார். உரிய இடத்தை அடைந்தபோது மிஞ்சியவை இரண்டே தகடுகள். வழக்கப்படி மஞ்சள் பில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். எடுத்த கையோடு ஓர் எண்ணம்: இதில் வானம் வெறும் சாம்பலாகத்தானே வரும்? எதிரே நிற்கும் பாறை தம் நெஞ்சில் எழுப்பிய கம்பீரம் இதில் இராதே! கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு பில்டரைப் போட்டார். நீல ஒளி தடைப்பட, வானம் ஏறக்குறைய கறுப்பாயிற்று. பாறை எழுந்து நின்றது. கண் முன் இருப்பதை அப்படியே பிடிப்பதை விட்டு, அச்சிட்ட படம் எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே மனத்தில் கண்டு, அதற்கேற்ப எடுத்த முதல் படம் அதுவே என்று பின்னாளில் அவர் கருதினார். இப்படி முன்னதாகவே மனத்தில் காண்பதைத்தான் அவர் பிறருக்குக் கடைசிவரை போதித்தார்.

1928இல் வர்ஜினியா பெஸ்டை மணந்தார். 1930இல் டாவோஸ் என்னும் ஊரில் பால் ஸ்ட்ராண்ட் என்ற புகைப்படக் கலைஞர் தம் நெகடிவ்களைக் காட்ட, பியானோவா காமிராவா என்ற ஊசலாட்டம் முடிந்தது. 1932இல் எட்வர்ட் வெஸ்டன் முதலியோருடன் சேர்ந்து எப்/64 என்ற குழுவைத் தொடங்கினார். ஓவியம்போல் மங்கலாக்கும் அன்றைய மோகத்தை எதிர்த்து, கூர்மையான படமே புகைப்படம் என்று நின்ற குழு அது.

இனி என் வழக்கின் உயிர்நிலைக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கலைப் பள்ளியில் பாடம் நடத்தியபோது, தமக்குக் கைவந்ததை மாணவருக்கு எப்படிச் சொல்வது என்ற சங்கடம் எழுந்தது. உணர்ச்சியால் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் என்ற சக ஆசிரியரோடு சேர்ந்து, 1940ஐ ஒட்டி மண்டல முறை என்னும் கணக்கை வகுத்தார். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, இடையே ஒவ்வொரு படிக்கும் ஒளி இரட்டிப்பு. நடுவிலுள்ள 5ஆம் படி, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல் நிறம். ஒளிமானிக்குத் தெரிந்த நிறம் அது ஒன்றே. எதைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கவே அது வழி சொல்லும். நம் சங்கத்துப் பொங்கல் விழாப் படங்களில் சலவை வேட்டியெல்லாம் சாம்பல் வேட்டியாக நிற்பதன் இரகசியம் இதுதான். வெள்ளை வேட்டியை 7ஆம் படியிலோ 8ஆம் படியிலோ வைக்க வேண்டியவன் மனிதன், மானி அன்று.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு 1941ஆம் ஆண்டின் ஒரு மாலையே சான்று. நியூ மெக்ஸிகோவில் மகனோடும் நண்பரோடும் காரில் வந்துகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா எழுந்திருக்க, மறையும் சூரியனின் கடைசிக் கதிர் கல்லறைச் சிலுவைகளின்மேல் பட்டுக்கொண்டிருந்தது. காரை நிறுத்திக் காமிராவைப் பூட்டினால், ஒளிமானியைக் காணோம்! நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 காண்டில் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. நிலவை 7ஆம் படியில் வைத்தால் 5ஆம் படி ஏறத்தாழ 60. பிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. ஆகவே எப்/8 துளைக்கு ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. பில்டருக்காக அதை மும்மடங்காக்கினால் இருபதில் ஒரு பங்கு. துளையை எப்/32ஆகச் சுருக்கினால் ஒளி பதினாறில் ஒரு பங்காகும். எனவே நேரம் பதினாறு மடங்கு, அஃதாவது ஏறத்தாழ ஒரு வினாடி. எடுத்தார். அடுத்த பிலிமுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த ஒளி போய்விட்டது. மிஞ்சியது அந்த ஒரே நெகடிவ். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கணக்குத் தெரிந்தவர் தேதியைக் குறித்து வைக்கவில்லை. படத்தில் நிலா இருக்கும் இடத்தை வைத்து, 1941 நவம்பர் 1 என்று 1991இல் டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியலார் கணித்தார்.

நெகடிவ் கிடைத்ததோடு வேலை முடிந்ததென்றும் அவர் எண்ணவில்லை. நெகடிவை இசைக் குறிப்புக்கும் அச்சிடுவதைக் கச்சேரிக்கும் ஒப்பிடுவது இந்தப் பழைய பியானோக்காரரின் வழக்கம். அந்த நிலாப் படத்தை ஆயிரம் தடவைக்கு மேல் அச்சிட்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. கைப்பேசியில் எடுத்த படத்தைக் கணினியில் சற்று இருட்டாக்கினால் ஏமாற்று என்று கத்துகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கலையைக் கணக்காக்கிவிட்டார் என்று அவர்மேல் குறை சொன்னவர்கள் உண்டு. கணக்குத் தெரிந்ததால் அந்த மாலையில் அவர் திகைத்து நிற்கவில்லை. நிலவைப் பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. என் வாதம் அவ்வளவே.

1946ஐ ஒட்டி ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு நுண்கலைப் பள்ளியில் புகைப்படத் துறையைத் தொடங்கி வைத்தார். 1955 முதல் யோஸெமிட்டியில் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1948இல் தொடங்கி எழுதிய பாட நூல்களை முதுமையில் புதுக்கி, த காமிரா, த நெகடிவ், த பிரிண்ட் என்று மூன்று தொகுதிகளாக 1980, 1981, 1983ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், அடுத்த பெரிய மாற்றம் மின்னணுப் படமே என்றும் அதை ஆவலோடு எதிர்பார்ப்பதாகவும் எழுதினார். அது வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே, 1984 ஏப்ரல் 22ஆம் நாள் காலமானார்.

இவற்றைப் படிக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல். மூன்று தொகுதிகளையும் முதலில் தொடாதீர்கள். இரசாயனக் கலவைகள் வரும் பக்கங்களில் தூக்கம் வரும், இன்று அவை நமக்கு வேண்டியதுமில்லை. நாற்பது படங்கள் எப்படி உருவாயின என்று ஒவ்வொன்றாக விவரிக்கும் எக்ஸாம்பிள்ஸ் என்ற 1983ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குங்கள். பிறகு காமிராவில் தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, சட்டம் முழுதும் நிறையுமாறு ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு கறுப்புத் துணியையும் மானி சொல்கிறபடி தனித்தனியே எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வரும். அதைக் கண்ணால் கண்டபின் த நெகடிவ் எளிதாக விளங்கும். பிலிமில் இருண்ட பகுதியை முதலில் காப்பாற்ற வேண்டும். டிஜிட்டலில் வெளிச்சப் பகுதியை. சென்ஸரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கிணறு. நிரம்பியபின் எவ்வளவு ஊற்றினாலும் கணக்கில் ஏறாது. ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்து எடுங்கள். இந்த ஒன்றைத் தவிர, அவர் படிகள் அப்படியே பொருந்துகின்றன.

நம் நூலகத்தில் முதலிரண்டு தொகுதிகள் அலமாரியிலேயே இருக்கின்றன. த பிரிண்ட் என்னிடம் இருக்கிறது, தவணைக்குள் திருப்பிவிடுவேன்.