பட்டந் தெளித்த தோழர்கள்

ஆர்ஜென்ரீனர்களிடையே நட்பு முற்றியதற்கு அடையாளம் பட்டந் தெளித்தல். மெலிந்தவன், குள்ளன், மொட்டையன் என உடலைச் சுட்டியே அழைப்பர். அயலார் செவிக்கு வசையாகப்படும். அவர்க்கோ அது, இவன் நம்மவன் என்பதற்குச் சான்று. சே குவேராவின் வரலாற்றை எழுதுவோர் துப்பாக்கியிலிருந்தே தொடங்குவர். அவர் சுமந்த பட்டங்களிலிருந்து தொடங்குதல் பொருத்தமென எனக்குத் தோன்றுகிறது.

1928இல் றொசாரியோவிற் பிறந்த ஏர்னெஸ்ரோ குவேராவை இரண்டு வயதிலேயே தொய்வு நோய் பற்றியது. வறண்ட மலைக்காற்றை நாடிப் பெற்றோர் கோர்டோபா மாகாணத்து அல்ரா கிறாசியாவிற் குடியேறினர். பள்ளிக்குச் செல்லாது படுக்கையிற் கழிந்த நாட்கள் பல. அத்தகைய பிள்ளை றகர் ஆட விரும்பினான்! வகுப்புத் தோழன் ஒருவனின் தமையனாகிய அல்பேர்ட்டோ கிரனாடோ கோர்டோபாவில் ஓர் அணியைப் பயிற்றிவந்தார். இரு கதிரைகளின்மேல் ஒரு தடியை வைத்து, அதனைத் தாண்டிப் பாய்ந்து தோள்பட விழும்படி பணித்தார். பையன் பாய்ந்தான், மீண்டும் மீண்டும் பாய்ந்தான், ஈற்றில் நிறுத்தச் சொல்லவேண்டியதாயிற்று.

ஆட்டத்திலே எதிரியை நோக்கி ஓடுகையில், வெறிகொண்ட சேர்னா வருவதாகத் தானே கூவி அறிவிப்பான். சேர்னா தாய்வழிப் பெயர். வெறியையும் சேர்னாவையும் நறுக்கி ஒட்டி 'பூசேர்' என்றனர் தோழர். பதிலுக்குக் கிரனாடோ 'மியால்' ஆனார். 'என் அல்பேர்ட்டோ' என்பதன் குறுக்கம் அது. மூச்சு முட்டும்போது எல்லைக்கோட்டுக்கு ஓடி மருந்தை உறிஞ்சிவிட்டு மீளும் நோயாளிக்கு, இரக்கப்பெயர் ஒன்றையும் எவரும் சூட்டவில்லை.

குளிப்பில் நாட்டமின்மையால் வந்த பட்டம் 'சாஞ்சோ', அதாவது பன்றி. இத்தகைய பகிடியை எல்லாராலும் தாங்க இயலாது. மனம் புண்பட்டு ஒதுங்கினோர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். ஏர்னெஸ்ரோவோ தோய்க்காத சட்டையைப் பெருமையாகக் காட்டித் திரிந்தார். 1951இல் நண்பர்களுடன் 'டாக்கிள்' என்னும் றகர்ச் சஞ்சிகையை நடத்தியபோது, அப்பெயரைச் சீனப் பெயர்போல இரண்டாகப் பிளந்து, 'சாங்-சோ' என ஒப்பமிட்டே கட்டுரைகள் எழுதினார்.

மறு ஆண்டு கிரனாடோவுடன் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார். பழைய மோட்டார் சைக்கிளுக்கு இட்ட பெயர் 'வல்லமையாள்'. வல்லமை சிலியில் முடிந்துபோயிற்று.

'சே' என்பது ஆர்ஜென்ரீனர் ஒருவரையொருவர் விளிக்கும் சொல். நமது 'அடே' போன்றது. குவாத்தமாலாவில் அவரைச் சந்தித்த கியூப அகதிகள், சொல்லுக்குச் சொல் 'சே' என்பதைக் கேட்டு நகைத்து, அதனையே அவருக்குச் சூட்டினர். பின்னர் கியூபத் தேசிய வங்கியின் தலைவரானபோது, நாணயத்தாள்களிலும் அவ்வொற்றைச் சொல்லையே ஒப்பமாக இட்டார்.

பொலிவியக் காட்டில் முதலில் றமோன், பின்னர் பெர்னாண்டோ எனப்பட்டார். அவை மறைந்து வாழ்வதற்காகப் பூண்ட பெயர்கள். அங்கே தொய்வுக்கு மருந்தும் கிடைக்கவில்லை. 1967 ஒக்டோபர் 9இல், லா இகுவேரா என்னும் சிற்றூரிற் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39. கியூபாவிலே 1961இற் குடியேறிய மியால், 2011வரை வாழ்ந்திருந்தார்.